ஆட்டம் யாருக்குச் சொந்தம்?

இலத்தூரில் எங்க தெருப் பையன்கள் நாலு பேர் பிஜிஎம்ஐ டீம் வச்சிருக்காங்க. அதில் ஒருத்தன் என் அண்ணன் மகன். சாயங்காலமானா நாலு பேரும் குளத்தங்கரையில்தான். ஏன்னு கேட்டேன். "வீட்டுல பிங் எகிறுது சித்தப்பா, இங்கதான் சிக்னல் நல்லா கிடைக்கு."

பிங் என்பது, போனிலிருந்து கிளம்பும் தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம். 40 மில்லிசெகண்ட் என்றால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும். 200 ஆனால், நாம் சுட்டது போய்ச் சேருமுன் எதிராளி நகர்ந்திருப்பான்.

ஆக, மைதானம் போனில் இல்லை, சர்வரில் இருக்கிறது. அதற்கு ஒரு முதலாளி உண்டு. கபடிக்கு அப்படி யாரும் கிடையாது. கோடு கிழித்தால் ஆடலாம்.

2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது. 2021 ஜூலையில் தென்கொரியாவின் கிராஃப்டன் கம்பெனி அதை இந்தியாவுக்கென மாற்றி, பிஜிஎம்ஐ என்று கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அரசு உத்தரவால் அதுவும் ஆப் ஸ்டோர்களிலிருந்து போனது. 2023 மே மாதம்தான் திரும்பியது. இடையில், 2022 டிசம்பரில், இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது அதே அரசு. அங்கீகாரம் வந்த நேரத்தில், நம்ம பையன்கள் ஆடும் ஆட்டம் ஸ்டோரிலேயே இல்லை!

"பிளஸ் டூ முடிச்சிட்டு இதையே தொழிலா எடுக்கட்டுமா?"ன்னு கேட்கிறான். ஆடுலே, வேண்டாம்னு சொல்லல. ஆனா அடுத்தவன் பூட்டக்கூடிய மைதானம் அது. படிப்புங்கிற இன்னொரு சாவியையும் கையில வச்சுக்கோன்னேன்.