மோட்டார் வண்டி இன்ஷூரன்ஸ் கட்டணம்: ஊரும் ஓட்டுபவரும்

செஞ்சித் தாலூகாவில் உழவு மாடுகள் கட்டப்பட்டிருந்த கொட்டில்களில் இப்போது டிராக்டரும், பல இடங்களில் அதன் பக்கத்தில் ஒரு சிறிய மோட்டார் காரும் நிற்பதைக் காண்கிறோம். விதை, எரு, பூச்சிமருந்து இவற்றைக் குறித்தே எழுதிவரும் பத்திரிகையில் இன்ஷூரன்ஸைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும் சென்ற சம்பாப் பருவத்தில் நெல் விதை நேர்த்தி செய்துகாட்டச் சென்ற கிராமமொன்றில், விதையைப் பற்றி வினவியவர் இருவர். வண்டி இன்ஷூரன்ஸைப் பற்றி வினவியவர் எழுவர். ஆகையால் இதனை எழுதத் துணிந்தேன்.

அன்று ஒரு மிராசுதார் இரண்டு பாலிசிகளைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, சென்னையிலுள்ள என் தம்பி மகனும் நானும் ஒரே வகைக் கார் வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே வருஷத்தில் வாங்கியவை. அவனோ எந்நேரமும் நெரிசலில் ஓட்டுகிறான். நானோ செஞ்சிச் சந்தைக்கும் திண்டிவனத்துக்கும் போய்வருவதோடு சரி. அவன் எனக்குக் குறைவாகக் கட்டுகிறானே, இது என்ன கணக்கு?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. பட்டணத்தில் கட்டணம் அதிகமென்றும் நாட்டுப்புறத்தில் குறைவென்றும் நாம் எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவ்வெண்ணம் முழுப் பிழையன்று. ஆனால் அதில் உண்மை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே அறியவேண்டும்.

கட்டணம் இரண்டு பாகமுடையது. முதலாவது, நமது வண்டியால் பிறருக்கு நேரும் உயிர்ச்சேதம், பொருட்சேதம் இவற்றுக்கானது. இதனை மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் என்பர். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவின்படி இது கட்டாயம். இதன் விகிதத்தைச் சர்க்காரே நிர்ணயிக்கின்றனர். 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த விகிதப்படி, 1,000 சி.சி.க்கு மேற்படாத சொந்தக் காருக்கு வருஷத்திற்கு ரூ. 2,094, 1,000-க்கு மேல் 1,500 சி.சி. வரை ரூ. 3,416, அதற்கு மேற்பட்டதற்கு ரூ. 7,897. ராஜகிரிக் கோட்டையடியில் இருப்பவருக்கும் சென்னை மவுண்ட் ரோட்டில் இருப்பவருக்கும் இத்தொகை ஒன்றே. இருபது வயது வாலிபர் ஓட்டினாலும் அறுபது வயதுப் பெரியவர் ஓட்டினாலும் இதில் பேதமில்லை.

இரண்டாவது பாகம் சொந்தச் சேதத்திற்கானது. ஊர்ப் பேதம் இதில்தான் வருகிறது. சொந்தக் கார்களுக்கு வகுக்கப்பட்ட பழைய அட்டவணையில் தேசம் முழுவதும் இரண்டு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. சென்னை, பம்பாய், கல்கத்தா, புது டில்லி, பெங்களூர், ஹைதராபாத், ஆமதாபாத், புனா ஆகிய எட்டு நகரங்கள் முதல் மண்டலம். செஞ்சி, விழுப்புரம், புதுச்சேரி உள்பட மற்ற ஊர்களெல்லாம் இரண்டாவது மண்டலம். வாடகைச் சரக்கு லாரி முதலியவற்றுக்கு மண்டலங்கள் மூன்று. அவற்றில் நம்முடையது கடைசி. மண்டலத்தை நிர்ணயிப்பது நாம் குடியிருக்கும் வீடன்று, வண்டி பதிவான ஆபீஸ் உள்ள இடம். சென்னையில் பதிவான பழைய காரை வாங்கிச் செஞ்சியில் வைத்திருப்பவர், பதிவு அங்கேயே நிற்குமளவும், சென்னைக்காரராகவே கருதப்படுவார்.

பேதம் எவ்வளவென்று பார்ப்போம். 1,000 சி.சி.க்கு உட்பட்டு, ஐந்து வருஷத்திற்கு மேற்படாத காருக்குப் பழைய அட்டவணை விகிதம் சென்னையில் மதிப்பில் நூற்றுக்கு 3.127, நமது பக்கத்தில் 3.039. காரின் மதிப்பு ஐந்து லட்சமானால் அங்கே ரூ. 15,635, இங்கே ரூ. 15,195. வித்தியாசம் ரூ. 440 மாத்திரமே. ஒரு மூட்டை யூரியாவும் ஒரு மூட்டை பொட்டாஷும் வாங்கவும் அது போதாது. 2007 ஜனவரி முதல் சொந்தச் சேதத்திற்கான விகிதத்தைச் சர்க்கார் கட்டுப்பாட்டினின்று நீக்கிவிட்டபடியால், கம்பெனிகள் தத்தம் இஷ்டம்போல் தள்ளுபடி கொடுக்கின்றன. எனினும் கணக்கின் அடிப்படை இன்றும் பெரும்பாலும் இவ்வாறே இருக்கிறது. இரண்டு மூன்று கம்பெனிகளில் விலை கேட்டறிவது, விதை வாங்குமுன் இரண்டு கடைகளில் விசாரிப்பதைப் போன்றதே.

அப்படியாயின் தம்பி மகன் குறைவாகக் கட்டியது எவ்வாறு? அவர் ஐந்து வருஷங்களாக நஷ்ட ஈடு எதுவும் கோரவில்லை. அதற்குரிய சலுகை முதல் வருஷத்தின் முடிவில் நூற்றுக்கு 20, பின்னர் முறையே 25, 35, 45. ஐந்தாம் வருஷம் முதல் 50. ஆகவே அவருடைய சொந்தச் சேதக் கட்டணம் பாதியாயிற்று. நமது மிராசுதாரோ களத்துச் சுவரில் இடித்து முன்பக்கத் தகடு நசுங்கியதற்கு முந்தின வருஷம் சுமார் நாலாயிரம் ரூபாய் கேட்டு வாங்கியிருந்தார். அத்தோடு சலுகை முழுவதும் அற்றுப்போயிற்று.

இதனைச் சற்று விரிவாக நோக்குவது நலம். ஒருவருடைய சொந்தச் சேதக் கட்டணம் சலுகைக்கு முன் ரூ. 10,000 என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது சதவிகிதச் சலுகையில் அவர் ரூ. 5,000 கட்டிவருகிறார். ஒருமுறை ஈடு வாங்கினால் அடுத்த ஐந்து வருஷங்களில் அவர் கட்டவேண்டியது முறையே ரூ. 10,000, 8,000, 7,500, 6,500, 5,500, ஆக ரூ. 37,500. வாங்காதிருந்தால் ரூ. 25,000. வண்டியின் மதிப்பு வருஷாவருஷம் குறைவதால் உண்மைத் தொகைகள் சற்றுத் தாழ்ந்திருக்கும். ஆயினும் நாலாயிரம் ரூபாய்க்காகச் சுமார் பன்னீராயிரத்தை இழப்பது கெட்டிக்காரத்தனமன்று. மேலும் 1,500 சி.சி. வரையுள்ள கார்களில் ஒவ்வொரு ஈட்டிலும் முதல் ஆயிரம் ரூபாய் நம் பொறுப்பே. சிறு சேதங்களைக் கைப்பணத்தில் சரிசெய்துகொள்வதே மேல்.

இச்சலுகை வண்டியைச் சேர்ந்ததன்று, உடையவரைச் சேர்ந்தது. காரை விற்கும்போது கம்பெனியிடம் அதற்குரிய சான்றைப் பெற்று, அடுத்து வாங்கும் காருக்கு அதனைக் கொண்டுபோகலாம். இதைக் கேட்டு வாங்காமல் விட்டவர்கள் நமது ஜில்லாவில் அநேகர். பாலிசி முடிந்து 90 நாள் கடந்தாலும் சலுகை போய்விடும். இங்கே ஒரு கண்ணி உண்டு: 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பு மூன்று வருஷத்திற்கும், இரு சக்கர வண்டிகளுக்கு ஐந்து வருஷத்திற்கும் சேர்த்தே எடுக்கப்படுகிறது. காகிதத்தில் அத்தேதியைக் கண்டு, சொந்தச் சேதக் காப்பும் அதுவரை உண்டென்று நம்பி இருந்துவிடுவோர் பலர். இரண்டு தேதிகளையும் தனித்தனியே பார்க்கவேண்டும்.

ஓட்டுபவரின் வயதையும் வசிப்பிடத்தையும் மிக நுட்பமாகக் கணக்கிடும் தேசங்கள் உண்டு. இங்கிலாந்தில் தபால் வட்டாரத்துக்கு வட்டாரம் கட்டணம் மாறும். இளைஞர்கள் மிக அதிகம் கட்டுகின்றனர். ஆண் பெண் என்று பேதம் பாராட்டுவதை 2012 டிசம்பர் முதல் ஐரோப்பிய நீதிமன்றம் தடுத்தது. கலிபோர்னியாவிலோ, 1988-இல் ஜனங்களே வாக்களித்து, ஓட்டுபவரின் நடத்தை, ஓட்டும் தூரம், அநுபவம் இவையே முதன்மையாகக் கொள்ளப்படவேண்டுமென்று விதித்தனர். நமது தேசத்திலும் 2022 முதல் ஓடும் தூரத்தையும் ஓட்டும் விதத்தையும் பொறுத்துக் கட்டணம் வாங்கும் திட்டங்களுக்கு அநுமதி உண்டு. மாதத்தில் நாலு நாள் மட்டும் காரெடுக்கும் விவசாயி இதனை விசாரிக்கலாம்.

இதுவரை சொன்னது கட்டணத்தைப் பற்றி. கட்டணத்தினும் பெரிய செலவொன்று உண்டு. அது ஓட்டுபவர் யார் என்பதைப் பொறுத்தது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி ஒருவர் இறந்தால், நீதிமன்றம் கம்பெனியை முதலில் பணம் கொடுக்கச் சொல்லி, பின் அதனை உடையவரிடம் வசூலித்துக்கொள்ள உத்தரவிடுவது வழக்கமாயிருக்கிறது. இன்ஷூரன்ஸே இல்லையென்றால் முழுத் தொகையும் நேரே உடையவர் தலையில் விழும். சட்டத்தின் 174-ஆம் பிரிவின்படி, தீர்ப்புத் தொகையைக் கலெக்டர் மூலம் நிலவரிப் பாக்கியைப்போல் வசூலிக்கலாம். கிராம அதிகாரிகளுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. ஜப்திக்கு வருவது வண்டியன்று, நிலம். பதினெட்டு வயது நிரம்பாத பையனிடம் வண்டியைக் கொடுத்தால், 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உடையவருக்கோ மூன்று வருஷம் வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் உண்டு. அறுவடைக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் டிராக்டர் ஓட்டுவதைப் பார்த்துப் பெருமைப்படும் தகப்பனார்களை நான் கண்டிருக்கிறேன்.

டிராக்டருக்கு இலகு ரக மோட்டார் வண்டி லைசென்ஸே போதும். அத்தகைய லைசென்ஸைக் கொண்டு 7,500 கிலோவுக்கு மேற்படாத வாடகை வண்டிகளையும் ஓட்டலாமென்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 6-இல் உறுதிசெய்தது. ஆனால் லைசென்ஸ் சரியாயிருந்தும் காப்புத் தவறுவது உபயோகத்தினால். விவசாயத்துக்கென்று எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு கூலிக்குச் செங்கல்லும் மணலும் ஏற்றினால், ஈட்டை மறுக்கக் கம்பெனிக்கு இடமுண்டாகிறது. டிரெயிலரைப் பாலிசியில் சேர்க்காது விடுவதும் அப்படியே. அமாவாசை இரவில் மேல்மலையனூருக்கு டிரெயிலர் நிறைய ஜனங்களை ஏற்றிச் செல்வது நமது பக்கத்து வழக்கம். சரக்கு வண்டியில் இவ்வாறு சும்மா ஏற்றிச் செல்லப்படுவோர் காப்புக்கு உட்படார் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மட்கார்டின்மேல் உட்காருபவர் நிலையும் வேறன்று. டிராக்டரில் இருக்கை ஒருவருக்கே. சம்பளத்துக்கு ஆள் வைத்து ஓட்டுபவர், அந்த ஆளுக்கான பொறுப்பையும் சிறு தொகை சேர்த்துப் பாலிசியில் எழுதிக்கொள்ள வேண்டும்.

உடையவரின் உயிருக்கான பதினைந்து லட்ச ரூபாய்க் காப்பு, உடையவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான் பலிக்கும். மனைவி பெயரிலோ தாயார் பெயரிலோ வண்டி வாங்கியிருப்பவர்கள், அவர்களிடம் லைசென்ஸ் இல்லாவிடின், அப்பகுதிக்குப் பணம் கட்டுவது வீண். பழைய வண்டி வாங்குவோர் வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதித் தம் பெயரைப் பாலிசியில் மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய உடையவரின் சலுகை அதனுடன் வராதாகையால், கொஞ்சம் மேல்தொகை கட்ட நேரிடுமென்பதையும் விலை பேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்க.