மட்டாஞ்சேரியில் ஓர் ஓட்டப் பந்தயம்: கடைசியாக வருபவருக்கும் தண்ணீர் மிஞ்சுமா?

பெரிய மாரத்தான் முடிந்த மறுநாள் நாளேடுகளில் இடம்பெறுவது முதலிடம் பெற்றவரின் படம். சில நூறு பேர் பங்கேற்கும் உள்ளூர்ச் சாலை ஓட்டத்திலோ வென்றவரின் பெயர் அடுத்த வாரமே பலருக்கு நினைவிருக்காது. ஓடியவர்கள் பேசிக்கொள்வது வேறு செய்திகளை: ஏழாவது கிலோமீட்டரில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, திருப்பத்தில் வழிகாட்ட ஆளில்லை, கைக்கடிகாரம் 10 கிலோமீட்டருக்குப் பதிலாக 10.4 காட்டியது, கடைசியில் போய்ச் சேர்ந்தபோது எல்லைக்கோட்டு வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

இக்குறைகள் பெரும்பாலும் மெதுவாக ஓடுபவர்கள் மீதே விழுகின்றன. முன்னணியில் ஓடுபவர் இவற்றை அறியாமலேயே வீடு திரும்பிவிடுவார். ஆகவே ஒரு சிறிய பந்தயம் நன்றாக நடத்தப்பட்டதா என்பதை அதன் கடைசிப் பத்துப் பேரிடம் கேட்பதே சரியான முறை. இது ஏன் என்பதை விளக்கக் கொச்சி நகரின் மட்டாஞ்சேரி மிகப் பொருத்தமான இடம்.

கேரளத்தில் கூடி ஓடுவது புதிதன்று. ‘கூட்டயோட்டம்’ என்ற மலையாளச் சொல் நூலகங்கள், இளைஞர் மன்றங்கள், பள்ளிகள் ஆகியவற்றின் அறிவிப்புகளில் நன்கு பழகியது. 35-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளை முன்னிட்டு 2015 ஜனவரி 20 அன்று ‘ரன் கேரளா ரன்’ என்ற பெயரில் மாநிலம் முழுவதும் அத்தகைய ஓட்டம் நடத்தப்பட்டது. கூட்டயோட்டத்தில் நேரம் ஒரு பொருட்டில்லை. நடந்து முடித்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

கட்டணம் செலுத்தி, எண் அட்டை குத்திக்கொண்டு, நேரம் அளந்து ஓடும் சாலைப் பந்தயம் அதற்குப் பின் வந்தது. ‘சோல்ஸ் ஆஃப் கொச்சின்’ என்ற உள்ளூர் ஓட்டக்காரர் குழு 2014-இல் தொடங்கிய ஸ்பைஸ் கோஸ்ட் மாரத்தான், கொச்சியில் இவ்வகைப் போட்டிகளுக்கு முன்னோடிகளில் ஒன்று. வில்லிங்டன் தீவை மையமாகக் கொண்டு நடைபெற்ற அப்போட்டி, பின்னர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. சச்சின் டெண்டுல்கர் கொடியசைத்துத் தொடங்கிவைத்த ஆண்டுகளும் உண்டு. இவ்வாறு பெரிதாகிவிட்ட போட்டிகளுக்குக் கீழே, 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் என்று குடியிருப்போர் சங்கங்களும் மன்றங்களும் நடத்தும் சிறிய ஓட்டங்கள் இருக்கின்றன. இக்கட்டுரை அவற்றைப் பற்றியது.

தெரு யாருடையது?

மட்டாஞ்சேரி ஓட்டக்காரர்களுக்காக அமைந்த ஊரன்று. போர்த்துகீசியர் 1555-இல் கட்டி, பின்னர் டச்சுக்காரர்கள் புதுப்பித்த அரண்மனை, 1568-இல் எழுந்த பரதேசி யூத ஆலயம், மிளகும் சுக்கும் ஏலமும் கைமாறும் பஜார் சாலைக் கிடங்குகள் ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. இங்கு மலையாளத்தோடு கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் காதில் விழும். அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியின் சலவைக்கூடத்தில் தலைமுறைகளாகத் துணி வெளுத்துவருபவர்கள் தமிழ் வழியினரே.

இத்தகைய தெருவில் ஐந்து கிலோமீட்டர் ஓடுபவர் அரண்மனையையும் கிடங்குகளையும் கடந்து சீன மீன்வலைகள் வரை சென்றுவிடலாம். படம் எடுக்க இதைவிட அழகான தடம் கிடைப்பது அரிது. ஆனால் பஜார் சாலை என்பது சரக்கு ஏற்றி இறக்கும் சாலை. லாரிகள் வரத் தொடங்கும் நேரத்துக்குள் அதைக் காலி செய்து தர வேண்டும். காவல் துறையின் அனுமதியும் குறிப்பிட்ட நேரம் வரைதான். அந்நேரம் கடந்துவிட்டால் தடுப்புகள் அகற்றப்படும். மெதுவாக வருபவர் ஆட்டோக்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் இடையே புகுந்து ஓட வேண்டியதுதான். பந்தயத்தின் தொடக்கத்தில் ஓடியவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, அதே கட்டணம் செலுத்திய இவருக்குக் கிடைப்பதில்லை.

தரையும் கவனிக்கத்தக்கது. பாரம்பரியத் தெருக்களில் பதிக்கப்படும் கற்கள் ஈரத்தில் வழுக்கும். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் இரு ஓரங்களும் சரிந்திருக்கும். ஓரமாகவே நெடுந்தொலைவு ஓடினால் ஒரு காலுக்கு மட்டும் கூடுதல் சுமை ஏறும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் மேற்குக் கொச்சியின் தாழ்வான பகுதிகளில் ஓதநீர் ஏறுவதுண்டு. மலையாளத்தில் இதை ‘வேலியேற்றம்’ என்பர். பந்தயத் தேதியைக் குறிக்குமுன் விடுமுறைப் பட்டியலைப் பார்ப்பது போல ஓத அட்டவணையையும் பார்ப்பவரே இவ்வூரை அறிந்த அமைப்பாளர். இருட்டில் தொடங்கும் ஓட்டங்களில் தெருநாய்களும் ஒரு கவலை. இருபது பேராகச் சேர்ந்து ஓடுபவரைவிடப் பின்தங்கித் தனியே வருபவருக்கே அந்தக் கவலை மிகுதி.

கொச்சியில் மலையேற்றம் கிடையாது, பாலங்கள்தான் ஏற்றம். தோப்பும்படியில் பழைய துறைமுகப் பாலத்துக்கு அருகில் நிற்கும் பாலத்தை, கட்டி இயக்கி ஒப்படைக்கும் முறையில் அமைக்கப்பட்டதால், ‘பி.ஓ.டி. பாலம்’ என்றே அழைக்கிறார்கள். கடல்மட்டத்தில் சமதளமாக ஓடிப் பழகியவருக்கு அந்தச் சிறிய ஏற்றமே மூச்சு வாங்கவைக்கும். உச்சியில் காற்று உண்டு, நிழல் இல்லை.

ஒரே பந்தயம், இரண்டு தட்பவெப்பங்கள்

நவம்பர் நடுப்பகுதியில் கொச்சியில் சூரியன் ஏறத்தாழ 6.20 மணிக்கு உதிக்கிறது. அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர் ஓட்டம், 5 மணிக்குத் தொடங்குவதாகக் கொள்வோம். ஒரு மணி 35 நிமிடத்தில் முடிப்பவர் 6.35-க்கு எல்லைக்கோட்டைத் தொட்டுவிடுவார். அவர் கண்டது பெரும்பாலும் இருளையும் விடியலையும்தான். மூன்றே கால் மணி நேரம் எடுத்துக்கொள்பவர் 8.15-க்கு வருவார். கடைசி இரண்டு மணி நேரமும் அவர் வெயிலில் இருந்திருப்பார். ஒரே பதக்கம், ஒரே தடம். இருவரும் ஓடிய தட்பவெப்பம் ஒன்றன்று.

ஓடும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 600 கிலோகலோரி செலவாகும். அதில் 450 அளவுக்கு வெப்பம். ஒரு லிட்டர் வியர்வை முழுமையாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். கணக்குப்படி ஒரு லிட்டருக்கும் குறைவான வியர்வையே போதுமானது. சிக்கல் ‘ஆவியானால்’ என்ற சொல்லில் இருக்கிறது. கடற்கரை நகரத்தின் ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டிப் போகும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை; நீரையும் உப்பையும் மட்டும் எடுத்துச் செல்கிறது.

விடியற்காலையில் வெப்பநிலை குறைவு, ஆனால் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். நேரம் ஏற ஏற ஈரப்பதம் சற்றுக் குறைந்து வெயில் ஏறும். இரண்டில் எது மேல் என்றால் விடியலே மேல். கொச்சியில் பெரிய போட்டியொன்றின் முதல் பதிப்பு 2023 மே 1 அன்று நடந்தது. அடுத்த பதிப்பு 2024 பிப்ரவரியில் நடந்தது. மாற்றத்தின் காரணம் எதுவாயினும், பிப்ரவரி விடியல் மே விடியலைவிட ஓடுபவருக்கு இரக்கம் காட்டும் என்பதில் ஐயமில்லை. சிறிய பந்தயங்களோ பெரும்பாலும் ஊர்த் திருவிழாவையோ சங்கத்தின் ஆண்டு விழாவையோ ஒட்டி நாள் குறிக்கின்றன. அந்த நாள் எந்தப் பருவத்தில் விழுகிறதோ அந்தப் பருவத்தில்தான் ஓட வேண்டும்.

தண்ணீர்: குறைந்தாலும் ஆபத்து, மிகுந்தாலும் ஆபத்து

தண்ணீர் ஏற்பாட்டில் நேரும் பிழை எளிமையானது. பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையை ஒன்றிரண்டு கோப்பைகளால் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள். முன்னால் ஓடுபவர்கள் குடிப்பதற்கு ஒன்று, தலையில் ஊற்றிக்கொள்ள ஒன்று என்று எடுக்கிறார்கள். வெயில் ஏறியபின் வருபவருக்கு மேசையும் காலிக் கோப்பைகளும் மிஞ்சுகின்றன. தேவை மிகுதியாக இருக்கும் நேரத்தில் இருப்பு தீர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு நிலையத்திலும் கடைசி ஐம்பது பேருக்கான தண்ணீரை முதலிலேயே தனியாக ஒதுக்கி மூடிவைப்பது செலவில்லாத தீர்வு.

மறுபக்கமும் உண்டு. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைப் பரிசோதித்த மருத்துவர்கள், அவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் அளவு இயல்பைவிடக் குறைந்திருந்ததைக் கண்டனர். ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டவர்களும் இதற்கு அதிகம் ஆளாகியிருந்தனர். மெதுவாக ஓடுபவருக்கு ஒவ்வொரு நிலையத்திலும் நின்று குடிக்க நேரம் இருக்கிறது. வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் ஆகியவை அறிகுறிகள். இவற்றை நீரிழப்பு என்று தவறாக எண்ணி மேலும் தண்ணீர் கொடுப்பதுதான் ஆபத்து. தாகத்துக்கு ஏற்பக் குடிப்பது பாதுகாப்பான வழி. சிறிய பந்தயங்களில் கிடைக்கும் நீர்மோர், உப்பிட்ட எலுமிச்சைச் சாறு, வாழைப்பழம் போன்றவை விலை உயர்ந்த பானங்களுக்குச் சற்றும் தாழ்ந்தவை அல்ல. ஆயினும் இவற்றை நம்பியும் தாகத்துக்கு மேல் குடிப்பது கூடாது.

நெஞ்சுவலி குறித்த அச்சமும் பரவலாக உள்ளது. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய 1.09 கோடி பேரில் 59 பேருக்கே இதயத் துடிப்பு நின்றதாக ஓர் ஆய்வு பதிவு செய்துள்ளது. அவர்களுள் 42 பேர் உயிரிழந்தனர். நிகழ்வு மிக அரிது. நிகழ்ந்தால் அருகில் நிற்பவர் உடனே மார்பை அழுத்தி முதலுதவி தருவது உயிர் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஒடுங்கிய தெருக்கள் கொண்ட மட்டாஞ்சேரியில் ஆம்புலன்ஸ் வந்து சேரும் நிமிடங்களைக் கருதினால், தடத்தில் நிற்கும் தன்னார்வலர்களுக்கு இம்முதலுதவியைக் கற்றுக்கொடுப்பது பதக்கம் அச்சிடுவதைவிட அவசரமான வேலை.

பத்து கிலோமீட்டர் என்றால் பத்துதானா?

நம் ஊர்களில் பொங்கலுக்கு மூன்று கிலோமீட்டர் ஓடினாலும் ‘மினி மாரத்தான்’ என்றே பெயர். மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட அத்தொலைவு 1921-இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. பெயரில் தாராளம் காட்டுவதில் கேடில்லை. அளவில் காட்டினால் ஓடியவரின் நேரத்துக்குப் பொருளில்லாமல் போகும்.

முறையான அளவீடு, சக்கரச் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்திய மிதிவண்டியால் செய்யப்படுகிறது. ஓட்டக்காரர் செல்லக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அதை ஓட்டிச் சென்று, தடம் குறைந்துவிடாமலிருக்க ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு மீட்டரைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். சிறிய பந்தயங்களில் பெரும்பாலும் கைப்பேசியோ வண்டியின் மீட்டரோதான் அளவுகோல். ஓடியவரின் கைக்கடிகாரமும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. உயர்ந்த சுவர்களுக்கு இடையே செயற்கைக்கோள் சமிக்ஞை சிதறும். வளைவுகளை அகலமாகச் சுற்றினாலும் தொலைவு கூடும். ஆகவே 10.1 காட்டினால் தடத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. 10.4 காட்டினால், அதுவும் பலருக்கும் அவ்வாறே காட்டினால், அமைப்பாளர்களிடம் கேட்பது நியாயம்.

நேரமே வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும் உள்ளனர். புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் 2008-இல் தொடங்கிய மாரத்தானில் நேர அளவீடும் கிடையாது, பரிசும் கிடையாது. இருந்தும் ஓட்டக்காரர்கள் அங்கே விரும்பிச் செல்கின்றனர்.

சிறிய பந்தயத்துக்குப் பதிவு செய்யுமுன் மூன்றைக் கேட்டறிவது நல்லது. முடிப்பதற்கான கால வரம்பு எவ்வளவு, அதுவரை சாலையில் காவலர்களும் தன்னார்வலர்களும் இருப்பார்களா, கடைசி ஓட்டக்காரரின் பின்னால் வாகனமோ ஆளோ வருமா? டி-ஷர்ட்டின் நிறத்தைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு இவற்றுக்கு விடை தராத அறிவிப்புகளே மிகுதி.

மூன்றாவது கேள்விக்கு ஒரு நல்ல விடை லண்டனிலிருந்து கிடைத்தது. அங்குள்ள புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2 அன்று 13 பேருடன் தொடங்கிய ‘பார்க்ரன்’ என்ற இலவச ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் இன்று பல நாடுகளில் வாரந்தோறும் நடக்கிறது. அதில் ஒரு தன்னார்வலரின் பணி, எல்லோருக்கும் பின்னால் வருவது மட்டுமே. மிக மெதுவாக நடப்பவருடன் பேசிக்கொண்டே வந்து, அவரை முன்னே விட்டுவிட்டுத்தான் இவர் கோட்டைக் கடப்பார். முடிவுப் பட்டியலில் கடைசி இடம் அந்தத் தன்னார்வலருக்கு.