பாலைவன மடங்களின் பானையோடுகள்

எகிப்தில் நைல் கழிமுகத்தின் மேற்கே, பாலைவன விளிம்பில் இருந்தது கெல்லியா. கி.பி. 4ஆம் நூற்றாண்டில், தனிமையை நாடிய துறவிகளுக்காக அமோன் என்பவர் ஏற்படுத்திய கிறித்தவக் குடியிருப்பு இது. மணலில் புதைந்து கிடந்த இவ்விடத்தை 1964இல் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கியோமோன் அடையாளம் கண்டார். ஏறத்தாழ 1,500 துறவி இல்லங்கள் இங்கே இருந்தன. பிரெஞ்சு, சுவிஸ் குழுக்கள் நடத்திய அகழாய்வுகளில் பானையோடுகள் ஏராளமாகக் கிடைத்தன.

பச்சைச் செங்கல் சுவர் கரைந்துவிடும், மரம் மட்கிப்போகும், சுட்ட மண் அழிவதில்லை. விலை மலிந்த கலம் உடைந்தால் அருகிலேயே வீசிவிடுவார்கள். விளிம்பும் அடிப்பாகமும் காலத்துக்குக் காலம் மாறும். எனவே காசு கிடைக்காத மண்ணடுக்கின் காலத்தையும் ஓடுகளைக் கொண்டே கணிக்கலாம். கெல்லியாவின் கலங்களை மிஷேல் எக்லோஃப் வகைப்படுத்தி 1977இல் வெளியிட்டார்.

ஒரு கலம் எங்கே வனையப்பட்டது என்பதை அதன் மண்ணே காட்டிவிடும். நைல் வண்டலில் செய்த சமையல் பானைகளும் ஜாடிகளும் சுட்டபின் பழுப்பு நிறம் கொண்டவை. எகிப்தின் தென்கோடியிலுள்ள அஸ்வானில் இருந்து வந்த தட்டுகளும் கிண்ணங்களும் இளஞ்சிவப்பு மண்ணில் செய்து, மேலே செம்பூச்சு பூசப்பட்டவை. வெளிறிய மணற்பாங்கான மண்ணில், உடலெங்கும் வரிவரியாக அமைந்த ஜாடிகள் சைப்ரஸ், சிலிசியா கரைகளைச் சேர்ந்தவை. காசா ஜாடிக்குக் கழுத்தே கிடையாது. நீண்ட உருளை உடல், தோளில் இரு சிறு காதுகள், வாயைச் சுற்றி வழித்துவிடாமல் அப்படியே ஒட்டிக்கொண்ட களிமண் கட்டிகள் ஆகியவை அதன் அடையாளம்.

பல ஜாடிகளின் உட்புறத்தில் கறுப்பாகப் படிந்திருக்கும் பிசின், திராட்சை ரசம் கசியாமலிருக்கப் பூசியது. அதற்காக, ஜாடி கிடைத்த அறையில் இருந்தவர் ரசம் அருந்தினார் என்று முடிவுகட்ட முடியாது. காலியான ஜாடிகளில் தண்ணீரும் தானியமும் நிரப்பி வைப்பது அக்கால வழக்கம். வழிபாட்டுக்கும் நோயாளிகளுக்கும் ரசம் தேவைப்பட்டதும் உண்டு.

ஆயினும் ஒன்று உறுதி: இத்துறவிகள் ஊரைத் துறந்தார்களே தவிர, சந்தையோடு இருந்த தொடர்பு அறவில்லை. மத்தியதரைக் கடல் வணிகமும் நைல் படகுப் போக்குவரத்தும் அவர்களது அடுக்களை வரை எட்டின.

8, 9ஆம் நூற்றாண்டுகளில் கெல்லியா மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. கடந்த நூற்றாண்டில் விளைநிலங்களும் கால்வாய்களும் ரயில் பாதையும் இவ்விடத்தின் பெரும்பகுதியை அழித்துவிட்டன. அப்பகுதிகளுக்கு இன்று எஞ்சியுள்ள சான்றுகள் அகழாய்வுப் பதிவுகளும் சேகரித்த ஓடுகளுமே.