விண்வழிச் செல்லும் சிறுமடல்

வடதுருவத்தை அண்டிய உறைகடலிலே வழிகேட்பதற்கு ஒருவரும் இலர். 1988ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சோவியத் நாட்டினர் ஒன்பதின்மரும் கனடா நாட்டினர் நால்வருமாகப் பதின்மூவர், பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலிற் பூட்டிக்கொண்டு, சோவியத் வடகரையிலிருந்து துருவத்தைக் கடந்து கனடாவை அடையப் புறப்பட்டனர். அவர்கள் மிதித்துச் சென்றது நிலமன்று; கடலின்மீது மிதக்கும் பனிப்பாளம். பகலெல்லாம் வடக்கு நோக்கி நடந்தவர்கள், இரவு உறங்கி எழுவதற்குள் அப்பாளத்தோடு வேறு திசைக்கு இழுபட்டுவிடக்கூடும். திசையறி கருவியின் காந்த ஊசியும் அங்கு நம்பத்தக்கதன்று. ‘நாம் எங்கே நிற்கின்றோம்?’ என்பதே அவர்தம் உயிர்வினாவாயிற்று.

அதற்கு விடை வானத்திலிருந்து வந்தது. அவர்கள் கொண்டுசென்ற சிறு கருவியொன்றின் அலைகளை மீட்புப் பணிக்கான செய்மதிகள் கேட்டன. அவற்றைக்கொண்டு கணிக்கப்பட்ட இருப்பிடம், இங்கிலாந்திலுள்ள சரே பல்கலைக்கழகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அப்பல்கலைக்கழகம் ஆக்கி, 1984 மார்ச்சு 1ஆந் திகதி ஏவப்பெற்ற யூவோசாற்-2 என்னும் அமெச்சூர் வானொலிச் செய்மதி, அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் செயற்கைக் குரலில் எண் எண்ணாக உரைத்தது. உறைந்த விரல்களால் எழுதவும் இயலாத பயணிகள், கையடக்க வானொலியைக் காதில் வைத்துத் தம் இருப்பிடத்தை அறிந்தனர். ஜூன் தொடக்கத்தில் அவர்கள் கனடாக் கரையில் நின்றனர்.

அமெச்சூர் வானொலியாளர் என்போர் யாவர்? ஊதியங் கருதாது, பரீட்சையிற் சித்தியெய்தி, அரசினரின் அனுமதியும் தமக்கென ஓர் அழைப்புக்குறியும் பெற்று, வானலைகளிற் பேசிப் பழகுவோர். நம் நாட்டாரின் குறி ‘4எஸ்’ எனத் தொடங்கும். முதற் செயற்கைக்கோள் பறந்து நான்கே ஆண்டுகளில், 1961 டிசம்பர் 12ஆந் திகதி, அமெரிக்க அன்பர்கள் தம் கையால் ஆக்கிய ஒஸ்கார்-1 விண்ணேறியது. மோர்சுக் குறியில் ‘ஹாய்’ என்று நகைமுகங் காட்டுவதன்றி அது வேறொன்றும் உரைத்திலது. ஆயினும் அதுவே பின்வந்தவை யாவற்றுக்கும் தாய்.

பிற்காலத்தில் கணினியும் வானொலியும் கைகோத்தன. அதன் பயனே ‘பொதி வானொலி’. நாம் எழுதும் செய்தி ஒரு சிறு பொதியாகக் கட்டப்படுகின்றது. அனுப்புவோர் குறி, பெறுவோர் குறி, செல்லும் வழி, செய்தி ஆகியவற்றோடு இறுதியில் ஒரு சரிபார்ப்பு எண்ணும் அதிலே உண்டு. வழியில் ஓரெழுத்துச் சிதைந்தாலும் அவ்வெண் பொருந்தாது. பொருந்தாத பொதியைப் பெறும் கருவி தள்ளிவிடும். எனவே வருவது பழுதின்றி வரும், அன்றேல் வாராது.

இம்முறையை மக்கள் இருப்பிடம் அறிவிக்கப் பயன்படுத்தியவர், அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் பணியாற்றி 2022இற் காலமான பொப் புருனிங்கா ஆவார். ‘ஏ.பி.ஆர்.எஸ்.’ என வழங்கும் அவரது முறையில் அகலக்கோடு, நெடுங்கோடு, ஒரு குறிப்பு ஆகியன ஒரு பொதியில் அடங்கும். ஒருவருக்கு எழுதும் மடலாயின் 67 எழுத்துகளுக்கு மேற்படலாகாது. இதற்கென அவருடைய மாணவர் ஆக்கிய பீசீசாற் என்னும் செய்மதி 2001 செப்டெம்பர் 30ஆந் திகதி அலஸ்காவிலிருந்து ஏவப்பட்டது. அதன் ஏரியல் எதனால் ஆனது தெரியுமா? தச்சர் கையில் வைத்திருக்கும் உருக்கு அளவுநாடாவினால்! சுருட்டி வைத்தாலும் விட்டவுடன் நிமிரும் பொருள், கடைத்தெருவிலே கிடைக்க, வேறெங்கு தேடுவானேன்?

அனைத்துலக விண்வெளி நிலையத்திலும் இத்தகைய கருவி அமைக்கப்பட்டது. கோபுரத்தின்மேல் நிற்பவன் ஒருபுறத்தார் கூவியதை மறுபுறத்தார்க்குத் திருப்பிக் கூவுவதுபோல, அது 145.825 மெகாஹேட்ஸ் அலையிற் கேட்ட பொதியை அதே அலையில் உடனே திருப்பியுரைக்கும். ஐந்து வாற்றுக் கைக்கருவியும், அந்நிலையம் செல்லும் திசைக்குக் கையாற் பிடித்துத் திருப்பும் ஏரியலும் போதும். அந்நிலையத்தின் உயரம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அது கொழும்புக்கு நேர்மேலே வரும்பொழுது மும்பையும் கொல்கத்தாவும் அதன் பார்வையில் அடங்கும். ஆயின் அது தொடுவானில் எழுந்து மறைவதற்குப் பத்து நிமிடமே.

இங்குதான் ஓர் அறம் பிறக்கின்றது. பாதை ஒன்று, பயணிகளோ பலர். இருவர் ஒருங்கே அனுப்பின் பொதிகள் மோதும். வலியவன் குரலே செய்மதிக்குக் கேட்கும். பெரிய ஏரியலும் மிகுந்த வலுவும் உடைய நகரத்தான், விளையாட்டாக ஓயாது தன் குறியை அனுப்பிக்கொண்டிருப்பானாயின், நடுக்கடலிற் படகிலிருந்து ‘இங்குள்ளேன், நலம்’ என்று சொல்ல முயல்வோன் குரல் அதில் அமிழ்ந்துபோம். கூவுவோர் ஒருவரையொருவர் கேளார். செய்மதி ஒன்றே அனைவரையும் கேட்கும். ஆதலின் வேண்டும்போது மட்டும் சுருங்கப் பேசி, மற்றைய நேரம் செவிகொடுத்திருப்பதே இத்துறையின் பண்பு. அடக்கம் அமரருள் உய்க்குமோ அறியோம். அயலான் மடலை உய்க்கும் என்பது உறுதி.

இது வெறும் பொழுதுபோக்கா என வினவுவோர் 2004 டிசம்பர் 26ஐ நினைவுகூர்க. ஆழிப்பேரலையால் நம் தென்கரைத் தொலைபேசிகள் வாய்மூடியபோது, அமெச்சூர் அன்பர்கள் மோட்டார் பற்றரிகளின் துணைகொண்டு வானொலி வாயிலாக அம்பாந்தோட்டையிலிருந்து செய்தி அனுப்பினர். அவ்வலையால் நம்மினும் பெருந்துயருற்ற இந்தோனேசியா, பேரிடர்க் காலத் தொடர்புக்கென அமெச்சூர் கருவிகளையும் பொதிச் செய்திகளைத் திருப்பியுரைக்கும் அமைப்பையும் தாங்கிய ஒரு செய்மதியை ஆக்கியது. லாப்பான்-ஏ2 என்னும் அது, 2015 செப்டெம்பர் 28ஆந் திகதி, நம் அயலிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய ஏவுகணையில் மேலெழுந்தது. துருவத்தை நாடாது பூமத்தியரேகையை ஒட்டியே, நாளொன்றுக்கு ஏறத்தாழ 14 முறை தீவுக்கூட்டத்தைக் கடக்குமாறு அதன் பாதை வகுக்கப்பட்டது. அப்பாதையை அண்டியே நமது தீவும் கிடக்கின்றது.

கடலுக்குச் சென்றவன் கரைசேரும்வரை வீட்டார் கேட்க விரும்புவது நெடுங்கதையன்று. அவன் எங்கிருக்கிறான், உயிருடன் இருக்கிறானா என்ற இரண்டுமே. அவ்விரண்டையும் சுமக்க ஒரு வினாடிப் பொதி போதும். அது மேலேறும் அந்த ஒரு வினாடிக்குப் பிறர் வாய்மூடியிருத்தல் வேண்டும்.