அப்பளம் சொல்லிக்கொடுத்த பாடம்

சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில் ஒரு நாள் பிற்பகல். அம்மாவும் அப்பாவும் வேலைக்குச் சென்றிருந்தனர். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் தம்பி, மைலோ கலக்குவதற்காக ஒரு குவளைத் தண்ணீரை நுண்ணலை அடுப்பில் சூடாக்கினான். கைப்பேசி விளையாட்டில் அதை மறந்துவிட்டு, ஆறியிருக்கும் என்று நினைத்து மீண்டும் சூடாக்கினான். வெளியே எடுத்தபோது தண்ணீர் அசையாமல் இருந்தது. ஒரு குமிழிகூட இல்லை. மைலோத் தூளைப் போட்டதுதான் தாமதம், தண்ணீர் சீறிப் பொங்கி அவன் வலக்கையில் கொட்டியது.

அலறல் கேட்டு அறையிலிருந்து ஓடிவந்தேன். பாட்டி பதற்றத்துடன் பற்பசையைத் தேடிக்கொண்டிருந்தார். பள்ளியில் கற்ற முதலுதவி நினைவுக்கு வரவே, தம்பியின் கையைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்திருந்தேன். பிறகு அருகிலிருந்த மருந்தகத்திற்கு அழைத்துச் சென்றோம். கொப்புளங்கள் ஆற இரண்டு வாரமாயிற்று.

“அந்தப் பெட்டியில இருக்கிற கதிருதான் பிள்ளை கையைச் சுட்டுடுச்சு. நான் அப்பவே சொன்னேன், யாரு கேட்டீங்க?” என்றார் பாட்டி. மறுநாளே அடுப்பின் மின்கம்பி பிடுங்கப்பட்டது.

பாட்டிக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உயர்நிலை நான்கில் இயற்பியல் படித்தும், தினமும் பயன்படுத்தும் அடுப்பு எப்படி இயங்குகிறது என்பதை நான் யோசித்ததே இல்லை. நூலகத்தில் தேடிப் படித்தேன். பள்ளி திறந்ததும் ஆசிரியரிடமும் கேட்டேன்.

ராடாரிலிருந்து சமையலறைக்கு

1945ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் ராடாருக்கான மேக்னட்ரான் குழாய்களுடன் பணியாற்றிய பெர்சி ஸ்பென்சர், தம் சட்டைப்பையில் இருந்த இனிப்பு உருகியதைக் கவனித்தார். அந்த அலைகளால் உணவைச் சூடாக்க முடியும் என்ற எண்ணம் அப்படித்தான் பிறந்தது. தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த அடுப்புகள் ஓர் ஆள் உயரமும் 300 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கொண்டவை!

நம் வீட்டு அடுப்புகளில் பயன்படுவது 2,450 மெகாஹெர்ட்ஸ் அலை. அது உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை வேகமாக அசைக்கிறது. அதனால் வெப்பம் உண்டாகிறது. எக்ஸ் கதிர்களைப் போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ஆற்றல் இந்த அலைக்கு இல்லை. விளக்கை அணைத்தால் வெளிச்சம் மறைவதுபோல, அடுப்பு நின்றதும் அலையும் நின்றுவிடும். உணவில் எதுவும் தங்குவதில்லை. அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். கதவிலுள்ள உலோக வலையின் துளைகளோ மிகச் சிறியவை. அதனால் அலை வெளியே வருவது மிகமிகக் குறைவு. ஆனால் கதவு வளைந்திருந்தாலோ சரியாக மூடாவிட்டாலோ அடுப்பைப் பயன்படுத்தக்கூடாது.

அப்படியென்றால் தம்பியின் கையைச் சுட்டது எது? வெறும் வெந்நீர்தான். வழுவழுப்பான குவளையில் தண்ணீரை நுண்ணலையில் சூடாக்கும்போது, குமிழிகள் உருவாக இடம் கிடைக்காமல் அது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கக்கூடும். மறுபடியும் சூடாக்கும்போது இந்த ஆபத்து கூடுகிறது. தூள் விழுந்ததும் அடங்கியிருந்த கொதிப்பு ஒரே நொடியில் வெளிப்படுகிறது.

அப்பளச் சோதனை

படித்ததைப் பாட்டியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆசிரியர் கூறிய சோதனையைச் செய்து காட்டினேன். சுழலும் தட்டை எடுத்துவிட்டு, பொரிக்காத அப்பளத்தை அசையாத ஒரு தட்டில் வைத்து அரை நிமிடம் சூடாக்கினேன். அப்பளம் ஆங்காங்கே மட்டும் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. மற்ற இடங்கள் பச்சையாகவே இருந்தன.

“என்னடா இது, பாதிதான் வெந்திருக்கு?” என்றார் பாட்டி.

அதுதான் நாம் உண்மையில் அஞ்சவேண்டிய விஷயம். நுண்ணலை எல்லா இடத்தையும் சமமாகச் சூடாக்குவதில்லை. தட்டு சுழல்வதால் அது ஓரளவு சரியாகிறது. ஆனால் அலை உணவுக்குள் சில சென்டிமீட்டர்தான் ஊடுருவும். ஓரத்தில் ஆவி பறக்கும் கோழிக்கறி, நடுவில் குளிர்ந்தே இருக்கலாம். 5 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில் கிருமிகள் பெருகும். அதனால் பாதியில் ஒருமுறை கிளறிவிட்டு, உணவு முழுவதும் 70 டிகிரிக்கு மேல் சூடாகும்வரை வைக்கவேண்டும். வெளியே எடுக்குமுன் இரண்டு நிமிடம் விட்டால் சூடு பரவும்.

சோற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. நேரங்கழித்து வீடு திரும்பும் நம்மில் பலர், மேசையில் காலையிலிருந்து இருக்கும் சோற்றைச் சூடாக்கிச் சாப்பிடுகிறோம். வெளியே கிடக்கும் சோற்றில் ஒருவகைக் கிருமி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே வழி.

கடையில் கட்டித்தரும் நுரைப்பெட்டியையும் பழைய ஐஸ்கிரீம் டப்பாவையும் அப்படியே உள்ளே வைக்காதீர்கள். சூட்டில், அதுவும் எண்ணெய் மிகுந்த உணவில், அவற்றிலுள்ள ரசாயனம் கலக்கக்கூடும். கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரமே நல்லது. எவர்சில்வர் கிண்ணம் தீப்பொறி கிளப்பலாம். ஓட்டுடன் வைத்த முட்டை வெடிக்கும்.

எங்கள் வீட்டில் மின்கம்பி மறுபடியும் செருகப்பட்டுவிட்டது. தம்பி இப்போது தண்ணீர் சூடாக்குமுன் குவளையில் ஒரு மரக்குச்சியைப் போடுகிறான். குமிழிகள் உருவாக அது இடம் கொடுக்கும். சூடானதும் ஒரு நிமிடம் காத்திருந்துதான் எடுக்கிறான். கையிலுள்ள தழும்பே அவனுக்கு நினைவூட்டல்.

பாட்டி இன்னமும் மீன்குழம்பை எரிவாயு அடுப்பில்தான் சூடாக்குகிறார். ஆனால் எண்ணெயைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னதிலிருந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் என்னை அழைக்கிறார்: “அந்தப் பெட்டியில ரெண்டு அப்பளம் சுட்டுக் குடு. தட்டு சுத்தட்டும்!”