உங்கள் தெருவுக்கு நீங்களே இன்டர்நெட் தரலாமா?

"உங்கள் ஏரியாவுக்கு இன்னும் கேபிள் வரவில்லை சார்." ஊருக்கு வெளியே புதிதாக உருவான நகர்களில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. முப்பது, நாற்பது வீடுகளுக்காக இரண்டு கிலோமீட்டர் கேபிள் இழுத்தால் கட்டுப்படியாகாது என்பது கம்பெனியின் கணக்கு. புதுக் கம்ப்யூட்டரை செல்போன் சிக்னலில் இணைத்துப் பார்க்கிறோம். மாலை நேரத்தில் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

"நாமே சேர்ந்து நம் தெருவுக்கு இன்டர்நெட் கொண்டு வர முடியாதா?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். முடியும். உலகில் சில ஊர்களில் பொதுமக்களே செய்து காட்டியிருக்கிறார்கள். நம் நாட்டிலும் சட்டப்படியான வழிகள் உள்ளன. ஆனால் கருவிகளை வாங்கி மாட்டுவது இதில் எளிதான பகுதி. அனுமதியும் பராமரிப்பும்தான் உண்மையான வேலை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஐ.எஸ்.பி. என்பவர் யார்?

இன்டர்நெட் சேவை தரும் நிறுவனத்தை ஐ.எஸ்.பி. என்று அழைக்கிறோம். இவர்கள் இன்டர்நெட்டைத் தயாரிப்பதில்லை. பெரிய நிறுவனங்களிடம் மொத்தமாக வாங்கி, நமக்குச் சில்லறையாகப் பிரித்துத் தருகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோருமாகச் சேர்ந்து லாரித் தண்ணீர் வாங்கி, தொட்டியில் நிரப்பி, குழாய் வழியே வீடு வீடாக அனுப்புகிறோம் அல்லவா? அதே வேலைதான். லாரித் தண்ணீரின் இடத்தில் மொத்த இணைப்பு. தொட்டியின் இடத்தில் ரவுட்டர். குழாயின் இடத்தில் கேபிள் அல்லது ரேடியோ அலை.

மொத்தமாக வாங்கும் இணைப்புக்கு லீஸ்டு லைன் என்று பெயர். வீட்டு பிராட்பேண்டில் "100 எம்பிபிஎஸ் வரை" என்று போட்டிருப்பார்கள். அந்த "வரை" என்ற சொல் முக்கியம். லீஸ்டு லைனில் அந்தச் சொல் கிடையாது. சொன்ன வேகம் நாள் முழுக்க, டவுண்லோட், அப்லோட் இரண்டிலும் கிடைக்க வேண்டும். அதனால்தான் அதன் விலையும் வீட்டு இணைப்பைப் போலப் பல மடங்கு.

நாற்பது வீட்டுக்கு எவ்வளவு வேகம் வேண்டும்?

ஒவ்வொரு வீட்டுக்கும் 50 எம்பிபிஎஸ் என்றால், நாற்பது வீட்டுக்கு 2,000 எம்பிபிஎஸ் வாங்க வேண்டும் என்று தோன்றும். தேவையில்லை. எல்லோரும் ஒரே நொடியில் குழாயைத் திறப்பதில்லை.

இரவு எட்டு மணி, அதிக நெரிசலான நேரம் என்று வைத்துக்கொள்வோம். 25 வீடுகளில் இன்டர்நெட் ஓடுகிறது. 15 வீடுகளில் எச்.டி. தரத்தில் வீடியோ பார்க்கிறார்கள். அதற்கு வீட்டுக்கு 5 எம்பிபிஎஸ் வீதம் 75. மீதி 10 வீடுகளில் மெயில், செய்தித்தாள், பாட்டு என்று ஆளுக்கு 2 எம்பிபிஎஸ் வீதம் 20. மொத்தம் 95 எம்பிபிஎஸ். ஆகவே 200 எம்பிபிஎஸ் வாங்கினால் தாராளமாகப் போதும். யாராவது பெரிய பைல் ஒன்றை டவுண்லோட் செய்தாலும் அவருக்கு 50 எம்பிபிஎஸ் வேகம் கிடைத்துவிடும். எல்லா ஐ.எஸ்.பி.களும் இந்தக் கணக்கில்தான் பிழைக்கிறார்கள். வீடுகளைக் கூட்டிக்கொண்டே போய், மொத்த இணைப்பை மட்டும் கூட்டாமல் விடும்போதுதான் "ராத்திரியானால் நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்ற புகார் வருகிறது.

புதியவர்களுக்கு ஒரு குறிப்பு: எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, பைலின் அளவு பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும்.

என்னென்ன வேண்டும்?

முதலாவது, மொத்த இணைப்பு உங்கள் நகருக்கு வந்து சேரும் வழி. பைபர் கேபிள் மிகவும் நல்லது. அது இல்லாவிட்டால், உயரமான இரண்டு இடங்களில் ஒன்றையொன்று பார்க்கும்படி 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்களைப் பொருத்தி இணைப்பை வாங்கலாம். நடுவில் தென்னந்தோப்போ மாடிக் கட்டடமோ குறுக்கிட்டால் வேலை செய்யாது.

இரண்டாவது, பங்கிடும் ரவுட்டர். எந்த வீட்டுக்கு எவ்வளவு வேகம் என்று இது கட்டுப்படுத்தும். யார், எப்போது, எந்த முகவரியில் இணைந்தார் என்ற பதிவையும் வைக்கும்.

மூன்றாவது, வீடுகளுக்குப் போகும் வழி. சாதாரண நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரைதான் சரியாகச் செயல்படும். அது செம்புக் கம்பி என்பதால், மழைக்காலத்தில் பக்கத்தில் இடி விழுந்தால் கம்பி வழியே மின்சாரம் பாய்ந்து இரு முனைகளிலும் உள்ள கருவிகள் கருகலாம். வீட்டுக்கு வீடு வெளியே இழுக்க பைபர்தான் பாதுகாப்பு. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஜிபான் என்ற முறையில் ஒரே பைபரைப் பிரிப்பான்கள் மூலம் 64 வீடுகள் வரை பிரித்துக் கொடுக்கலாம். 20 கிலோமீட்டர் தூரம் வரை செல்லும். பைபரை ஒட்டுவதற்கு மட்டும் தனி மெஷினும் தெரிந்த ஆளும் வேண்டும்.

நான்காவது, மின்சாரம். கரண்ட் போனால் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. நடுவில் உள்ள கருவிக்கும் பேட்டரி இருக்க வேண்டும்.

செய்து காட்டியவர்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆர்காஸ் என்று ஒரு தீவு. 2013 நவம்பரில் கடலடிக் கேபிள் அறுந்து, தீவு மக்கள் போனும் இன்டர்நெட்டும் இல்லாமல் சுமார் பத்து நாட்கள் தவித்தார்கள். அதன் பிறகு டோ பே என்ற பகுதியினர் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்தார்கள். நிலப்பரப்பிலிருந்து ரேடியோ வழியாக மொத்த இணைப்பு வாங்கி, ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஆண்டெனா வைத்து, அங்கிருந்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். உயரமான மரங்கள் மறைக்கின்றனவா என்று பார்க்கச் சிறிய ட்ரோனைப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். தொடக்கத்தில் சேர்ந்தவை சுமார் ஐம்பது வீடுகள்.

இங்கிலாந்தின் லங்காஷயர் கிராமங்களில் 2011-ல் "பிராட்பேண்ட் பார் தி ரூரல் நார்த்" என்ற கூட்டுறவு அமைப்பு தொடங்கப்பட்டது. ஊர் மக்களே பங்குகள் வாங்கிப் பணம் போட்டார்கள். விவசாயிகள் தங்கள் வயல் வழியே கேபிள் போகக் காசு கேட்காமல் இடம் கொடுத்தார்கள். பள்ளம் தோண்டவும் வந்தார்கள். சாலையைத் தோண்டுவதுதான் பைபர் வேலையில் பெரிய செலவு. அதை இவர்கள் வயல் வழியே தவிர்த்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு 1,000 எம்பிபிஎஸ் வேகம் கொடுத்தார்கள். பின்னர் இந்த அமைப்பின் இணைப்புகள் 10,000-ஐத் தாண்டின.

நம் நாட்டில் 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-பி அலைவரிசைக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய அரசு அறிவித்தது. அதன் பின் இமாச்சலப் பிரதேசத்தின் தரம்சாலாவில், மலைச்சரிவுகளில் ஆண்டெனாக்களை வைத்து "ஏர்ஜல்தி" என்ற நெட்வொர்க் உருவானது. அது பிறகு முறையான லைசென்ஸ் பெற்ற ஐ.எஸ்.பி. ஆனது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதி 2018 அக்டோபரில் திறந்துவிடப்பட்டது.

பாஸ்வேர்டைப் பகிர்ந்தால் போதாதா?

"இவ்வளவு எதற்கு? ஒரு வீட்டில் இணைப்பு வாங்கி, பக்கத்து வீடுகளுக்கு வை-பி பாஸ்வேர்டைக் கொடுத்து, மாதம் ஆளுக்கு இருநூறு வாங்கிக்கொள்ளலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அலைவரிசைக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பது வேறு; காசு வாங்கிச் சேவை தருவது வேறு. வீட்டு இணைப்பை விற்பதைப் பொதுவாக கம்பெனியின் நிபந்தனையே தடுக்கிறது. அனுமதி இல்லாமல் தொலைத்தொடர்புச் சேவை நடத்தினால் 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் சொல்கிறது.

இதைவிட அருகில் உள்ள ஆபத்து ஒன்று உண்டு. உங்கள் இணைப்பு வழியே யார் எதைச் செய்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது உங்கள் ஐ.பி. முகவரிதான். நான்காவது வீட்டுப் பையனின் நண்பன் பண மோசடி செய்தாலும், போலீஸ் வந்து தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான். யார் பயன்படுத்தினார் என்று காட்ட உங்களிடம் பதிவு எதுவும் இருக்காது.

நம் நாட்டில் மூன்று வழிகள்

முதல் வழி, பிஎம்-வானி. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. டீக்கடை, மளிகைக்கடை வைத்திருப்பவர்கூட பொது வை-பி மையம் நடத்தலாம். மையம் நடத்துபவருக்கு லைசென்ஸ் இல்லை, பதிவு இல்லை, கட்டணமும் இல்லை. பயனாளரைச் சரிபார்ப்பது, கணக்கு வைப்பது போன்ற வேலைகளைப் பல மையங்களை ஒருங்கிணைக்கும் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். அந்த நிறுவனம்தான் தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். தொடக்கத்தில் இந்த மையங்களிடம் லீஸ்டு லைன் விலை கேட்கப்பட்டதால் கட்டுப்படியாகவில்லை. 200 எம்பிபிஎஸ் வரையுள்ள பைபர் இணைப்புக்கு, வீட்டுக் கட்டணத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் இவர்களிடம் வாங்கக்கூடாது என்று 2025 ஜூனில் டிராய் உத்தரவிட்டது. ஒரு தெருமுனை, ஒரு பஸ் ஸ்டாப் அளவுக்கு இந்த வழி பொருத்தமானது.

இரண்டாவது வழி, லைசென்ஸ் உள்ள ஐ.எஸ்.பி.யுடன் பங்குதாரராகச் சேர்வது. நம் ஊர்க் கேபிள் டிவிக்காரர்கள் பலர் இன்டர்நெட் தருவது இப்படித்தான். இணைப்பு, லாகின், பதிவுகள், சட்டப் பொறுப்பு ஆகியவை ஐ.எஸ்.பி.யிடம் இருக்கும். கேபிள் இழுப்பது, வீட்டில் பொருத்துவது, பழுது பார்ப்பது உங்களிடம். வருமானம் ஒப்பந்தப்படி பிரியும். நாற்பது வீட்டு நகருக்கு என் யோசனை இதுதான்.

மூன்றாவது, சொந்த லைசென்ஸ். நாடு முழுவதற்கும் ஏ, மாநில அளவுக்கு பி, சிறு பகுதிக்கு சி என்று ஐ.எஸ்.பி. லைசென்ஸ்கள் பிரிக்கப்பட்டன. இதற்கு கம்பெனி பதிவு, வங்கி உத்தரவாதம், பதிவேடுகள், அறிக்கைகள் என்று பல கடமைகள் உண்டு. சில நூறு வீடுகள் சேராமல் இதில் இறங்குவது சுமை.

எந்த வழியானாலும் மின்கம்பத்தில் கேபிள் கட்ட மின்வாரியத்திடமும், சாலையைத் தோண்ட ஊராட்சி அல்லது நகராட்சியிடமும் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாத கேபிளை அவர்கள் எந்த நாளும் அறுத்துவிடலாம்.

தொடங்கும் முன்

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

1. எத்தனை வீடுகள் முன்பணம் தந்து சேரும்? "வந்தால் பார்க்கலாம்" என்பவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

2. பத்து வீடுகள் விலகினாலும் மொத்த இணைப்புக்கு மாதாமாதம் பணம் கட்ட முடியுமா?

3. கெட்டுப்போகும் கருவிக்கு மாற்றாக ஒன்று வாங்கித் தயாராக வைக்கப் பணம் உண்டா?

4. இரவு பத்து மணிக்குக் கேபிள் அறுந்தால் யார் போனை எடுப்பார்? அவருக்குச் சம்பளம் எவ்வளவு?

நான்காவது கேள்விதான் பெரும்பாலான முயற்சிகளை நிறுத்தும் அல்லது நிலைக்க வைக்கும். ஆர்வமுள்ள ஒருவர் முதல் ஆறு மாதம் இலவசமாக ஏணியில் ஏறுவார். பிறகு அவருக்கு வேலை மாற்றம் வரும், உடம்புக்கு முடியாமல் போகும். அதற்குள் நாற்பது வீட்டின் ஆன்லைன் தேர்வும் அலுவலக வேலையும் அந்த ஒரு கேபிளை நம்பத் தொடங்கியிருக்கும். எனவே முதல் மாதத்திலிருந்தே பராமரிப்புக்கு ஒரு தொகையை மாதக் கட்டணத்தில் சேர்த்து, பயிற்சி பெற்ற இருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. கையெழுத்துடன் நாற்பது வீட்டுப் பட்டியல் தயாரானதும், "கேபிள் வரவில்லை" என்று சொன்ன கம்பெனியிடமே அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாற்பது வாடிக்கையாளர்கள் முன்பணத்துடன் காத்திருப்பது தெரிந்தால், அவர்களின் கணக்கு மாற வாய்ப்பு உண்டு. அப்படி மாறினால் உங்களுக்கு ஏணிகூடத் தேவைப்படாது. மாறாவிட்டால், அதே பட்டியலுடன் உங்கள் பகுதிக் கேபிள்காரரைப் பாருங்கள். இரண்டுக்கும் முதல் வேலை பட்டியல்தான்.