வட்டம் போட்டால் முட்டை வருது!
மலை மேலே மக்கர் செய்யும் கம்ப்யூட்டர் சிலேட்டு

ஜவ்வாது மலையில் கம்ப்யூட்டர் பேனா எழுதாமல் போனால் என்ன ஆகும்?

ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறணும். வளைந்து வளைந்து போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்கணும். கடைக்காரரிடம் நீட்டினால், "லினக்ஸா? அது நமக்குப் பழக்கமில்லைங்க. விண்டோஸ் போட்டுட்டு வாங்க" என்பார். ஒரு நாள் லீவும் போச்சு, பஸ் காசும் போச்சு!

ஆனால் பல நேரம் பேனாவில் கோளாறே இருக்காது. மலையை விட்டு இறங்காமலே சரி செய்துவிடலாம்.

2020இல் கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடியபோது பல வாத்தியார்கள் வாங்கிய சாமான் இது. பெயர் "பென் டேப்லெட்". பார்க்க சிலேட்டு மாதிரி இருக்கும். அதில் எழுதினால் கம்ப்யூட்டர் திரையில் எழுத்து வரும். ஜப்பானின் வாகாம் கம்பெனி பேனாவில் பேட்டரியே கிடையாது. பலகையில் இருந்து கிளம்பும் காந்த அலையிலேயே பேனாவுக்குச் சக்தி கிடைக்கிறது.

லினக்ஸ் எங்கே வந்தது? தமிழக அரசு 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு "பாஸ்" லினக்ஸும் வந்தது. சென்னை சி-டாக் தயாரிப்பு அது. லினக்ஸுக்குக் காசு கிடையாது, பழைய மெஷினிலும் ஓடும். அதனால் இன்றும் பலர் விடுவதில்லை. ஆனால் பல வருஷத்துக்கு முந்தைய லினக்ஸுக்குப் புது சிலேட்டு யாரென்றே தெரியாது. முதலில் லினக்ஸைப் புதுப்பிக்க வேண்டும். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரே கதவு எண்!

மலைப் பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கு வாத்தியார் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிலேட்டைச் செருகுகிறார். அசைவே இல்லை.

டெர்மினலைத் திறந்து எல், எஸ், யு, எஸ், பி என்ற ஐந்து எழுத்தைச் சேர்த்துத் தட்டட்டும். செருகியிருக்கும் சாமான்களின் பட்டியல் வரும். சிலேட்டு அதில் இல்லையா? வயரை மாற்று, வேறு ஓட்டையில் செருகு. பட்டியலில் இருக்கிறதா? அப்படியானால் வயர் மீது பழி போட வேண்டாம், கோளாறு டிரைவரில்.

டிரைவர் என்றால் பஸ் டிரைவர் இல்லை. சிலேட்டு சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கும் மொழிபெயர்ப்பாளர்!

வாகாமுக்கு அது லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. சீனத்து ஹுயான் சிலேட்டில்தான் வேடிக்கை. பட்டியலில் 256சி என்று ஆரம்பிக்கும் எண் வரும். பல மாடல்களுக்கு ஒரே எண்! தெரு முழுக்க ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? லினக்ஸுக்கும் அதே கதிதான்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க நிக்கோலாய் கொண்ட்ராஷோவ் என்பவர் "டிஜிமெண்ட்" என்ற திட்டத்தை நடத்தினார். சிலேட்டு சிலேட்டாகக் கேட்டு, அதன் பேச்சை எழுதிவைத்த வேலை அது. அதன் பலன் பின்னால் லினக்ஸுக்குள்ளேயே சேர்ந்தது. இப்போது ஹுயான், எக்ஸ்பி-பென் கம்பெனிகளே லினக்ஸ் டிரைவர் தருகின்றன. பெட்டி மேல் விண்டோஸ் படம் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். கம்பெனியின் டவுன்லோட் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

இரண்டு பேர் ஓட்டினால்?

"ஓபன் டேப்லெட் டிரைவர்" என்று இலவசமாக இன்னொன்றும் உண்டு. நல்ல சரக்குதான். ஆனால் உள்ளே பழைய டிரைவரும் உட்கார்ந்திருந்தால் ஒரே மாட்டை இரண்டு பேர் இழுத்த கதை! பேனா துள்ளும், அல்லது செத்துக் கிடக்கும். பழையதைத் தடுத்துவிட்டு மெஷினை ஒரு தரம் அணைத்துப் போட வேண்டும். அணைத்துப் போடாமல் "சரியாகலையே" என்று தலையில் கை வைப்பவர்கள்தான் அதிகம்.

இன்னொரு வலை, வேலாண்ட். புது லினக்ஸ்களில் திரையைக் கவனிக்கும் முறை இது. பழைய புத்தகத்தில் சொல்லும் "எக்ஸ்செட்வாகாம்" கட்டளை இதில் செல்லாது. எத்தனை தரம் தட்டினாலும் பிரயோஜனமில்லை. செட்டிங்ஸில் டேப்லெட் பகுதிக்குப் போய் மாற்ற வேண்டும்.

வட்டமா, முட்டையா?

சரி, பேனா ஓடுகிறது. வாத்தியார் புரொஜெக்டரை மாட்டிவிட்டு வட்டம் போடுகிறார். "சார், முட்டை!" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள்.

பேனா மேல் குற்றமில்லை. புரொஜெக்டர் இரண்டாவது திரையாகச் சேர்ந்ததும், சின்னப் பலகை இரண்டு திரைக்கும் சேர்த்து நீண்டுவிட்டது. செட்டிங்ஸில் சிலேட்டை ஒரே திரைக்கு ஒதுக்கினால் முட்டை மறுபடி வட்டமாகும்.

இந்த மலையில் வட்டம் கோணினால் மரியாதையா? 1977 மார்ச் 10 ராத்திரி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை நெருங்கியபோது, அதன் வெளிச்சம் சில விநாடி மங்கியதைக் காவலூர் தொலைநோக்கியும் பதிவு செய்தது. யுரேனஸுக்கு வளையம் இருப்பதை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது அந்த ராத்திரிப் பதிவுகள்தான்!

அழுத்தி எழுதினாலும் கோடு தடிக்கவில்லையா? ஜிம்ப் என்ற படம் போடும் புரோகிராமில் எடிட் மெனுவுக்குப் போய், இன்புட் டிவைசஸில் பேனாவை "ஸ்கிரீன்" என்று மாற்ற வேண்டும். பாடம் நடத்த மட்டும்தான் என்றால் ஜிம்ப் எதற்கு? "எக்ஸ்-ஜர்னல்" போதும்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. கேட்கும் முன் ஐந்தெழுத்துக் கட்டளை காட்டிய எண், லினக்ஸின் பெயர், வேலாண்டா இல்லையா என்ற விவரம் கையில் இருக்கணும். சிலேட்டின் மாடல் பெயரும் வேணும். பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தால் பலகையைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் முதுகிலேயே ஒட்டியிருப்பார்கள்.